சூடானா அதிருற தகடு: கனத்தை கூட்டணுமா, ரிப் போடணுமா, போல்ட்டை விட்டுப் பிடிக்கணுமா?

ஆறி இருக்கும்போது கம்முனு இருக்கு, ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆனதும் "ட்ர்ர்ர்"னு ஒரு சத்தம், கையை வச்சு அமுக்கினா நிக்குது, எடுத்தா திரும்ப வருது. ஜெனரேட்டரை மூடுற கனோபி பெட்டி, பேக்கரி ஓவன், ஹாட் ஏர் டக்ட், சைலன்சர் பக்கத்துல இருக்குற கவர்னு எதையாவது வச்சு வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் இந்த கதை தெரியும். கேள்வியும் எப்பவும் ஒண்ணுதான்: "அண்ணே, ஷீட்டை 2 மிமீ ஆக்கிடலாமா, இல்ல பின்னாடி ரிப்பா ஆங்கிள் வச்சு வெல்ட் பண்ணிடலாமா, இல்ல மொத்தமா எஸ்எஸ்ஸே (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டுடலாமா?"

மூணுமே தப்பு இல்ல. ஆனா மூணையும் விட முன்னாடி பாக்க வேண்டிய ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்குறதே இல்ல, ஏன்னா அது பாக்க வேலை மாதிரியே தெரியாது.

## முதல்ல, ஏன் இப்படி ஆகுது

பறையை தீயில காய்ச்சினா சுருதி ஏறும். தோல்ல இருக்குற ஈரம் போய் தோல் சுருங்குது, இழுப்பு கூடுது, சத்தம் கணீர்னு வருது. இரும்பு தகடு இதுக்கு நேர் எதிர். சூடானா அது விரியப் பாக்கும், நாம நாலு பக்கமும் போல்ட் போட்டு விரிய விடாம வச்சிருக்கோம், அதனால உள்ளுக்குள்ள அமுக்கம் ஏறுது. இழுத்துக் கட்டினது சுருதி ஏறும், அமுக்கி வச்சது சுருதி இறங்கும். சூடு ஏற ஏற தகட்டோட ஃபிரீக்வன்சி (தட்டினா நொடிக்கு எத்தனை தடவை அதிரும்கிற எண், ஹெர்ட்ஸ்ல சொல்றது) கீழ வந்துக்கிட்டே இருக்கும், ஒரு கட்டத்துல அமுக்கம் தாங்காம தகடு வயிறு தள்ளிடும். அதைத்தான் பக்ளிங்னு சொல்றோம். எண்ணெய் டின் அடியை அமுக்கினா டொக்குனு உள்ள போய் டொக்குனு வெளிய வருமே, அதேதான்.

இப்ப ஒரு கணக்கு. ஒரு அடிக்கு ஒரு அடி (300 மிமீ), 1 மிமீ இரும்பு தகடு, நாலு ஓரமும் சும்மா தாங்கி நிக்குது, ஆனா பக்கவாட்டுல விரியவே முடியாதுன்னு வச்சுக்குங்க. ஆறி இருக்கும்போது முதல் ஃபிரீக்வன்சி சுமார் 55 ஹெர்ட்ஸ். 1500 ஆர்பிஎம்ல ஓடுற நாலு சிலிண்டர் டீசல் இஞ்சின்ல வெடிப்பு நிமிஷத்துக்கு 3000, அதாவது 50 ஹெர்ட்ஸ். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது 55க்கும் 50க்கும் இடைவெளி இருக்கு, சத்தம் இல்ல. தகடு கொஞ்சம் சூடாகி 55 இறங்கி 50க்கு வந்துட்டா மாட்டிக்கிச்சு, ரெண்டு எண்ணும் ஒண்ணானா இஞ்சினோட ஒவ்வொரு வெடிப்பும் தகட்டோட ஆட்டத்தை இன்னும் கூட்டிவிடும்.

எவ்வளவு சூடு வேணும்? கணக்குப்படி ஃபிரேமை விட தகடு கால் டிகிரி கூட அதிகம் சூடாக வேண்டாம். 1.2 டிகிரி வித்தியாசத்துல வயிறே தள்ளிடும். நம்ப முடியலல்ல? எனக்கும் முதல்ல நம்பிக்கை வரல, தசமப் புள்ளி தப்பா போட்டுட்டேன்னு மூணு தடவை போட்டுப் பாத்தேன். நிஜத்துல ஃபிரேம் கொஞ்சம் வளையும், போல்ட் ஓட்டையில விளையாட்டு இருக்கும், தகடு ஏற்கனவே லேசா கோணியிருக்கும், அதனால இந்த எண் சில மடங்கு ஏறும், ஃபிரீக்வன்சியும் சுத்தமா ஜீரோவுக்கு போகாம ஒரு அளவுக்கு இறங்கிட்டு திரும்ப ஏறும் (வயிறு தள்ளின தகடு கிண்ணம் மாதிரி வளைஞ்சுடுது, வளைஞ்சது விறைப்பு கூடினது). அதனாலதான் சில இடத்துல சூடு ஏறும்போது ஒரு தடவை சத்தம் வந்து நின்னுடும், லோடு குறைஞ்சு ஆறும்போது இன்னொரு தடவை வரும். ஆனா போக்கு இதுதான்: நூறு டிகிரி எல்லாம் தேவையில்ல, சில டிகிரியே போதும்.

"சூட்டுல இரும்பு இளகிடுது, அதான்"னு ஒரு விளக்கம் ஊருக்குள்ள உண்டு. ஐரோப்பிய கட்டுமான விதியான யூரோகோட் கணக்குப்படி 200 டிகிரியில இரும்போட விறைப்பு பத்து சதவீதம் குறையும், ஃபிரீக்வன்சி அதோட வர்க்கமூலம்கிறதால அஞ்சு சதவீதம்தான் இறங்கும். கனோபி தகடு எங்க 200 டிகிரிக்கு போகுது? பிரச்சனை இளகுறதுல இல்ல, விரிய விடாததுல இருக்கு.

## எதை வச்சு முடிவு பண்றது

நான் பாக்குறது அஞ்சு விஷயம். ஓடுற சூட்டுல ஃபிரீக்வன்சி இஞ்சின் ஃபிரீக்வன்சிய விட்டு விலகி நிக்குமா, இது முதல். தகட்டுக்கும் ஃபிரேமுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் வரைக்கும் வயிறு தள்ளாம தாங்கும், இது ரெண்டாவது. அப்புறம் எடையும் காசும். நாலாவது, ஆறு மாசம் கழிச்சு என்ன கெட்டுப் போகும். அஞ்சாவது, ஏற்கனவே நிக்கிற மெஷின்ல சைட்டுலயே செய்ய முடியுமா, இல்ல கழட்டி ஷாப்புக்கு கொண்டு போகணுமா.

அதே 300 மிமீ தகட்டுக்கு முதல் மூணையும் போட்டுப் பாத்தா இப்படி வருது. எல்லாமே அசையாத ஃபிரேம்னு வச்சு போட்ட கணக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட மட்டும் எடுத்துக்குங்க:

| வழி | ஆறினப்ப ஃபிரீக்வன்சி | வயிறு தள்ளுற வித்தியாசம் | எடை |
|---|---|---|---|
| 1 மிமீ இரும்பு | 55 ஹெர்ட்ஸ் | 1.2 டிகிரி | 0.7 கிலோ |
| 1.6 மிமீ இரும்பு | 87 | 3 | 1.1 |
| 2 மிமீ இரும்பு | 109 | 4.7 | 1.4 |
| 3 மிமீ இரும்பு | 164 | 10.5 | 2.1 |
| 1 மிமீ, நடுவுல ஒரு ரிப் | 136 | 2.9 | 0.7, ரிப் தனி |
| 1 மிமீ, கூட்டல் குறி மாதிரி ரெண்டு ரிப் | 218 | 4.7 | 0.7, ரிப் தனி |
| 1 மிமீ 304 எஸ்எஸ் | 52 | 0.8 | 0.7 |
| 1 மிமீ அலுமினியம் | 54 | 0.6 | 0.25 |
| 1 மிமீ இரும்பு, ஓரம் விரிய விட்டது | 55 | பெருசா கவலை இல்ல | 0.7 |

## கனத்தை கூட்டுறது

எல்லாரும் முதல்ல போற வழி. 18 கேஜ்ல இருந்து 14 கேஜ் (கேஜ் எண் குறைஞ்சா கனம் கூடும்), முடிஞ்சது. கனம் ரெண்டு மடங்கானா ஃபிரீக்வன்சி ரெண்டு மடங்கு, தாங்குற வித்தியாசம் நாலு மடங்கு, இது நல்ல பேரம் மாதிரிதான் தெரியும்.

ஆனா டேபிளை திரும்பப் பாருங்க. 2 மிமீ தகடு 109ல ஆரம்பிக்குது. இஞ்சினுக்கு 50 மட்டும் இல்ல, அதோட மடங்கு 100ம் உண்டு. முக்கால் டிகிரி வித்தியாசத்துலயே 109 இறங்கி 100ல நிக்கும். அதை தாண்டி 3.7 டிகிரி போனா 50க்கே வந்துடும். அதாவது பத்து நிமிஷத்துல வந்த சத்தத்தை அரை மணி நேரம் கழிச்சு வர்ற மாதிரி மாத்தியிருக்கோம், அவ்வளவுதான். கஸ்டமர் டெலிவரி எடுக்கும்போது சத்தம் இருக்காது, வீட்டுக்குப் போனதும் போன் வரும்.

மறைஞ்ச செலவு என்னன்னா, கனமான தகடு விரியும்போது ஃபிரேமை தள்ளுற விசையும் கூடும். மெல்லிசு ஆங்கிள் ஃபிரேமா இருந்தா தகடு நேரா நிக்கும், ஃபிரேம் கோணிக்கும், அப்புறம் கதவு சாத்தாது. கீல், லாக் எல்லாம் கனமான கதவுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

எப்ப இது சரி: பேனல் சின்னது, அரை அடிக்குள்ள, காத்து புகாம சீல் ஆகணும், சூடு வித்தியாசமும் குறைவு. அங்க கனம் கூட்டிட்டு போயிடலாம், யோசிக்க ஒண்ணும் இல்ல.

## ரிப், பீடிங், கிராஸ் பிரேக்

எடை பெருசா ஏறாம ஃபிரீக்வன்சிய தூக்க இதை விட நல்ல வழி இல்ல. நடுவுல ஒரு ரிப் போட்டா 55, 136 ஆகுது. கூட்டல் குறி மாதிரி ரெண்டு போட்டா 218. ஆனா கவனிங்க, ஃபிரீக்வன்சி நாலு மடங்கு ஆகுற அதே ரெண்டு ரிப்புக்கு சூடு தாங்குறதும் நாலு மடங்குதான், 2 மிமீ தகடு அளவுக்கு. ஆரம்பம் உசரத்துல இருக்குறதால கீழ இறங்கி 50க்கு வர 4.4 டிகிரி ஆகும், நல்லதுதான், ஆனா இறங்க ஆரம்பிச்சா கடைசி பகுதி ரொம்ப வேகமா விழும்.

வெல்ட் பண்ற ரிப்புல ரெண்டு வில்லங்கம். ஒண்ணு, 1 மிமீ தகட்டுல வெல்ட் போட்டா அந்த சூட்டுலயே தகடு கோணிக்கும், நம்ம கையாலயே பக்ளிங்க ஆரம்பிச்சு வச்ச மாதிரி. டாக் வெல்ட் விட்டு விட்டு போடணும், இல்ல ஸ்பாட் வெல்ட். ரெண்டாவது வில்லங்கம் யாரும் யோசிக்காதது: பின்னாடி நிக்கிற ஆங்கிள் சூடாக நேரம் எடுக்கும், தகடு சீக்கிரம் சூடாகும். அந்த இடைப்பட்ட நேரத்துல ரிப்பே தகட்டை விரிய விடாம பிடிச்சு வைக்கும். விறைப்புக்குன்னு போட்டது அமுக்கத்தையும் கூட்டிடுச்சு.

தகட்டுலயே வரி வரியா அழுத்தி எடுக்குற பீடிங்குக்கு இந்த குறை பாதிதான். பீடிங் நீளவாக்குல விறைப்பு, குறுக்குவாக்குல ஹார்மோனியப் பெட்டி துருத்தி மாதிரி மடிஞ்சு விரிவை விழுங்கிக்கும். ஒலியை விட மூணு மடங்குக்கு மேல வேகமா பறந்த எஸ்ஆர்-71 விமானத்தோட இறக்கை தோல்ல நெளி நெளியா வரி போட்டிருந்தது இதுக்காகத்தான், சூட்டுல விரியுற தோல் கோணாம அந்த நெளிவுக்குள்ள போயிடும். பிளேடு கூர்மையா வழவழன்னு இருக்க வேண்டிய விமானத்துலயே நெளி தகடு போட்டாங்கன்னா கனோபிக்கு போட்டா என்ன கேவலம்.

டக்ட் ஆளுங்க மூலைக்கு மூலை எக்ஸ் மாதிரி லேசா மடிக்கிற கிராஸ் பிரேக்கும் நல்ல வேலைதான். தகடு ஏற்கனவே லேசா வெளிய தள்ளி இருக்குறதால சூட்டுல எந்தப் பக்கம் போகணும்னு குழப்பம் இல்ல, டொக்குனு அடிக்காம மெதுவா அதே பக்கம் உப்பும், ஃபிரீக்வன்சியும் அதலபாதாளத்துக்கு போகாது. தகடு மடிக்கிற பிரஸ் பிரேக் மெஷின் இருக்குற ஷாப்புல புது பேனல் செய்யுறவங்க இதை கண்ணை மூடிட்டு போடலாம். ஏற்கனவே நிக்கிற மெஷினுக்கு ஆகாது, கழட்டித்தான் ஆகணும்.

## ஓரத்தை விரிய விடுறது

நான் ஆரம்பத்துல சொன்ன, வேலை மாதிரியே தெரியாத வழி இது.

தகட்டை நாம ரெண்டு விதமா பிடிக்கிறோம். மேல கீழ ஆடாம பிடிக்கிறது ஒண்ணு, பக்கவாட்டுல விரியாம தடுக்கிறது இன்னொண்ணு. முதல் பிடி வேணும், ரெண்டாவது பிடி வேண்டாம். ஒரே போல்ட் ரெண்டையும் சேத்து செஞ்சுடுறதாலதான் பிரச்சனையே. ரெண்டாவது பிடியை மட்டும் எடுத்துட்டா தகடு சும்மா பெருசாகிட்டு போகும், அமுக்கம் இல்ல, ஃபிரீக்வன்சி 55லயே நிக்கும்.

எவ்வளவு இடம் விடணும்? ஒரு மீட்டர் இரும்பு தகடு நூறு டிகிரி ஏறினா 1.2 மிமீ நீளும். நம்ம ஒரு அடி தகடு அறுபது டிகிரி ஏறினா கால் மிமீ கூட நீளாது. ஒரே ஒரு ஓட்டையை வட்டமா விட்டு அங்க ஃபிக்ஸ் பண்ணுங்க, மத்த ஓட்டை எல்லாம் அந்த ஃபிக்ஸ் பாயிண்ட்டை பாத்த மாதிரி நீளவாக்குல ஸ்லாட். ரவுண்டு ஃபைல் இருந்தா சைட்டுலயே முடியுற வேலை.

இதுல எல்லாரும் சறுக்குற இடம்: ஸ்லாட் போட்டுட்டு போல்ட்டை பழக்கதோஷத்துல முழு டைட் வைக்கிறது. 8.8 கிரேடு எம்6 போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் டைட் வச்சா சுமார் 8 கிலோநியூட்டன் அமுக்கு விசை, உராய்வு 0.15ன்னு வச்சா ஒரு போல்ட் தகட்டை நகர விடாம பிடிக்கிறது 1250 நியூட்டன் கிட்ட. நம்ம 1 மிமீ தகட்டோட ஒரு ஓரம் முழுக்க சேத்து வயிறு தள்ள தேவையான விசையும் ஏறக்குறைய அதே 1250தான். ஒரே ஒரு போல்ட் போதும், ஸ்லாட் வெறும் அலங்காரம் ஆயிடும். அதனால போல்ட் உள்ள ஒரு குட்டி ஸ்லீவ் போடணும், தகடு கனத்தை விட இம்மி நீளமா. டைட் எல்லாம் ஸ்லீவ் மேல விழும், தகடு நடுவுல நழுவும். நழுவுற தகடு கடகடக்காம இருக்க சிலிக்கான் ரப்பர் கேஸ்கெட், அது 200 டிகிரி வரை தாங்கும். நைலாக் நட்டுல இருக்குற நைலான் 120 டிகிரியோட சரி, சைலன்சர் பக்கம் ஆல் மெட்டல் லாக் நட்டு போடுங்க.

செலவு இல்லாம இல்ல. இறுக்கி கிளாம்ப் பண்ணின ஓரத்தை விட்டா ஆறின ஃபிரீக்வன்சி கிட்டத்தட்ட பாதியாகிடும், நம்ம தகட்டுல 100ல இருந்து 55க்கு. அந்த 55 உங்க இஞ்சினுக்கு பக்கத்துல விழுந்தா சூடே இல்லாம காலையிலயே பாட ஆரம்பிச்சுடும், அதனால இதோட ஒரு பீடிங்கோ கிராஸ் பிரேக்கோ சேத்துதான் போடணும். கனோபின்னா சத்தம் கசியுற இடைவெளியும் ஒரு கவலை, ஒரு மீட்டர் தூரத்துல 75 டெசிபல்னு நம்ம நாட்டுல விதி இருக்கு, கேஸ்கெட்டை ஒழுங்கா போடலன்னா அங்க மாட்டுவீங்க. புகை போற டக்ட்டுல இந்த வழியே வேண்டாம், ஸ்லாட் வழியா கசியும்.

## மெட்டீரியலை மாத்துறது

"எஸ்எஸ் சூடு தாங்கும்ணே." தாங்கும், துருப்பிடிக்காது, கருகாது. ஆனா விரியுறது சாதா இரும்பை விட நாப்பது சதவீதத்துக்கு மேல அதிகம். 304ங்கிற ரக எஸ்எஸ் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 17 மைக்ரான் விரியும், இரும்பு 12. போதாததுக்கு சூட்டை பரப்புறதுலயும் மட்டம், இரும்பு கடத்துறதுல மூணுல ஒரு பங்குதான், அதனால சைலன்சர் எதிர்ல இருக்குற இடம் மட்டும் கொதிக்கும், ஓரம் ஆறி நிக்கும், ஆறின ஓரமே நடுவை அமுக்கும். காசும் கூட, சத்தமும் கூட. எஸ்எஸ்தான் வேணும்னா 430 ரகம் கேளுங்க, அது 10 மைக்ரான் சொச்சம்தான் விரியும்.

கணக்குல ஒரு வேடிக்கை, வயிறு தள்ளுற டிகிரி ஃபார்முலாவுல மெட்டீரியலோட விறைப்பு ரெண்டு பக்கமும் வந்து அடிபட்டு போயிடும். மிச்சம் இருக்குறது கனம், நீளம், விரியுற அளவு. அதனால "ஸ்ட்ராங்கான" மெட்டீரியல் வாங்கி பிரயோஜனம் இல்ல, விரியாத மெட்டீரியல்தான் வேணும். அலுமினியம் இன்னும் மோசம், ஃபிரீக்வன்சி இரும்பு மாதிரியே, வயிறு தள்ளுறது பாதி டிகிரியில. டைட்டானியம் விரிவு கம்மி, ஆனா அதை கனோபிக்கு போடுறவங்க இந்த கட்டுரையை படிக்க மாட்டாங்க.

## சூட்டையே தடுக்கிறது

தகட்டுக்கும் சூட்டுக்கும் நடுவுல ஒரு ஹீட் ஷீல்டு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் காத்து இடைவெளி, இல்லன்னா ராக்வுல் பஞ்சு. கண்டிப்பா உதவும், அதுவும் ஒரே இடத்துல சூடு விழுற கேஸுல இதுதான் முதல் மருந்து, ஏன்னா ஓரத்தை விட்டாலும் நடு சூடாவும் ஓரம் ஆறியும் இருந்தா அமுக்கம் இருக்கத்தான் செய்யும். மறைஞ்ச செலவு: ஷீல்டும் ஒரு மெல்லிசு தகடுதான். அதை நாலு மூலையும் இறுக்கி போல்ட் போட்டீங்கன்னா அதே பாட்டை அது பாடும். பியூ ஃபோம் போட்டு சூட்டை தடுக்கிறேன்னு எக்ஸாஸ்ட் பக்கம் போயிடாதீங்க, தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

## டேம்பிங் ஷீட்

அதிர்வை விழுங்க தகட்டு மேல ஒட்டுறது, கார் டோர்ல ஒட்டுற தாரு ஷீட்டு மாதிரி. ஆறின மெஷின்ல டெமோ காட்ட பிரமாதமா இருக்கும். சூடானா அதுவே இளகும், எடை ஏத்தி ஃபிரீக்வன்சிய இறக்கும், செங்குத்து தகட்டுல நழுவி கீழ வந்து நிக்கும். அம்பது டிகிரிக்குள்ள நிக்கிற பேனலுக்கு மட்டும்.

## எதுன்னு தெரிய ஒரு சின்ன டெஸ்ட்

காசு போடுறதுக்கு முன்னாடி இதை பண்ணுங்க. ஆறினப்ப ரப்பர் சுத்தியல்ல ஒரு தட்டு, போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் வச்சு எண்ணை குறிச்சுக்குங்க. சத்தம் வர்ற வரைக்கும் ஓட்டி, இஞ்சினை நிறுத்தி, உடனே அதே இடத்துல திரும்ப தட்டுங்க. எண் இறங்கியிருந்தா (ஏற்கனவே வயிறு தள்ளியிருந்தா ஏறியும் இருக்கலாம்) அமுக்கம்தான். மாறாம அப்படியே இருந்தா இது சூட்டு பிரச்சனையே இல்ல, லூஸ் மவுண்டிங்க தேடுங்க. அப்புறம் ரெண்டு பக்க போல்ட்டை அரை சுத்து லூஸ் பண்ணிட்டு சூடு ஆறுறதுக்குள்ள இன்னொரு தட்டு. எண் டக்குனு மேல ஏறினா ஸ்லாட் வேலை செய்யும். ஏறலன்னா நடுவுல மட்டும் சூடு, ஷீல்டு பக்கம் போங்க. தகட்டு சூட்டோட ஃபிரேம் சூட்டையும் சேத்து அளங்க, பளபள தகட்டுல தொடாம சூடு அளக்குற ஐஆர் கன் பொய் சொல்லும், ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அது மேல அளங்க.

புதுசா செய்யுறவங்களுக்கு என் ஓட்டு கிராஸ் பிரேக்கும் ஸ்லாட்டும் சேத்து, கனம் 1.2 போதும். ஏற்கனவே நிக்கிற மெஷினுக்கு ஸ்லாட்டும் ஸ்லீவும், தேவைப்பட்டா ஷீல்டு. சீல் ஆக வேண்டிய டக்ட்டுக்கு பீடிங், சின்ன பேனலுக்கு கனம்.

ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கு நான் இப்படித்தான் ஸ்லாட் போட்டு கொடுத்தேன், நாலு முகூர்த்தம் சத்தமே இல்லாம போச்சு, ஆறாம் மாசம் திரும்ப அதே ட்ர்ர்ர். போய் பாத்தா மண்டபத்துக்கு பெயிண்ட் அடிச்சவங்க மிச்சம் இருந்த எனாமலை கனோபிக்கும் ரெண்டு கோட் அடிச்சிருக்காங்க, ஸ்லாட் அத்தனையும் அடைச்சு கல்லு மாதிரி. கழட்டி சுரண்டி திரும்ப மாட்ட ஒரு பகல் முழுக்க போச்சு.